எல்லாத்தையும் ‘கேப்பிட்டல்’ ஆக்கிட்டா போதுமா? தேடலில் தொலையும் குற்றாலமும் செங்கோட்டையும்

ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தில் விடுதிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. போனில் ஒரு புக்கிங், ஆப்பில் ஒரு புக்கிங், பையோடு நேரில் வந்து நிற்கும் குடும்பம் ஒன்று. எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. பதிவில் ‘ஊர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தென்காசி என்பதை ஒருவர் ஆங்கிலத்தில் முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் அடிப்பார். இன்னொருவர் முதல் எழுத்தை மட்டும் கேப்பிட்டலில் போடுவார். அவசரத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே அடித்துவிட்டுப் போய்விடுவார்.

நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே ஊர். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று வேறு சொற்கள். ‘தென்காசியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்?’ என்று கேட்டால் மூன்றில் ஒன்றை மட்டும் எண்ணிச் சொல்லும்.

விடுதியில் இது சின்ன விஷயம். உதவித்தொகைப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு, தேர்வு ஹால் டிக்கெட், வங்கிக் கணக்கு என்று வரும்போது விளைவு வேறு. “அண்ணாச்சி, உங்க பேரு லிஸ்ட்ல வரலையே” என்று கவுன்ட்டரில் சொல்லப்படும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல நேரம் இருப்பது, இப்படி ஒரு எழுத்துப் பொருத்தச் சிக்கல்தான்.

இதற்கு மென்பொருள் துறையில் எல்லோரும் முதலில் எடுக்கும் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் ‘அப்பர்’. அது எப்படி வேலை செய்கிறது, எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது? பார்க்கலாம்.

அது என்ன ‘அப்பர்’?

தேவாரம் பாடிய அப்பர் இல்லை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளுக்கு ‘அப்பர் கேஸ்’ என்று பெயர். அந்தக் காலத்து அச்சகங்களில் ஈய எழுத்துகளை மரப்பெட்டிகளில் பிரித்து வைத்திருப்பார்கள். பெரிய எழுத்துகள் மேல் பெட்டியில், சின்ன எழுத்துகள் கீழ்ப் பெட்டியில். மேல் பெட்டி ‘அப்பர் கேஸ்’, கீழ்ப் பெட்டி ‘லோயர் கேஸ்’. பெட்டிகள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி எஸ்க்யூஎல். ஐபிஎம் நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974-இல் ‘சீக்வெல்’ என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. அந்த மொழியில் எழுதும் கேள்விக்கு ‘குவெரி’ என்று பெயர். ‘விருந்தினர் பட்டியலில் ஊர் தென்காசி என்று இருக்கும் எல்லா வரிகளையும் எடு’ என்பது ஒரு குவெரி.

அதில் ஊர் என்ற கட்டத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, முன்னால் ‘அப்பர்’ என்று எழுதினால் பொருள் மாறுகிறது. ‘ஊரில் என்ன எழுதியிருந்தாலும் அதை முழுக்க கேப்பிட்டலாக்கி, பிறகு ஒப்பிடு.’ தேடும் சொல்லையும் கேப்பிட்டலாக்கிவிட்டால், மூன்று விதத் தென்காசியும் ஒன்றாகி, மூன்றும் விடையில் வந்துவிடும். சேமித்து வைத்த பதிவு மாறாது. ஒப்பிடும் நேரத்தில் மட்டும் மாற்றிப் பார்க்கிறது, அவ்வளவுதான். இதற்கு நேரெதிர், எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் ‘லோயர்’.

1992-இல் வந்த எஸ்க்யூஎல் தர வரையறையிலேயே இரண்டும் இடம்பெற்றுவிட்டன. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர் என்று எதை எடுத்தாலும் இவை இருக்கும். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் இயங்குகிறது. வயலும் மலையும் சூழ்ந்த அந்த வட்டாரத்தில் குவெரி எழுதி மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் இன்று புதுமை இல்லை. அவர்களில் பலர் வேலையில் சேர்ந்ததும் பழகும் முதல் சில கட்டளைகளில் ‘அப்பர்’ கட்டாயம் இருக்கும்.

32 என்ற இடைவெளி

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்த ‘ஆஸ்கி’ அட்டவணை 1963-இல் அமெரிக்காவில் வந்தது. அந்த முதல் பதிப்பில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளே கிடையாது. 1967-இல் திருத்திய பதிப்பில்தான் அவை சேர்ந்தன.

அதில் பெரிய ‘ஏ’-வுக்கு எண் 65, சின்ன ‘ஏ’-வுக்கு 97. பெரிய ‘பி’ 66, சின்ன ‘பி’ 98. எந்த எழுத்தை எடுத்தாலும் இடைவெளி 32. அட்டவணையை அமைத்தவர்கள் வேண்டுமென்றே இப்படி வைத்தார்கள். இரும எண்ணில் 32 என்பது ஒரே ஒரு பிட். அந்த ஒரு ஸ்விட்சை அணைத்தால் சின்ன எழுத்து பெரிய எழுத்தாகிவிடும். அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு ‘அப்பர்’ செய்யும் வேலை இவ்வளவுதான்.

படிவங்களில் ‘கேப்பிட்டல் லெட்டரில் நிரப்பவும்’ என்று போடுவது இதைவிடப் பழைய வழக்கம். கூட்டெழுத்தில் எழுதினால் யாருக்கும் புரியாது, தனித்தனிப் பெரிய எழுத்து என்றால் குழப்பம் குறைவு. தந்தியில் பயன்பட்ட மோர்ஸ் குறியீட்டில் பெரிது, சின்னது என்ற பேதமே இருந்ததில்லை. இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் முடிந்துபோனாலும் அந்தப் பழக்கம் முடியவில்லை. உங்கள் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் இருக்கின்றன, பாருங்கள். வரிக்கு 44 இடம். அதில் கேப்பிட்டல் எழுத்து, எண், இடத்தை நிரப்பும் ஒரு குறி, இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை.

நேத்து வந்துச்சே, இன்னைக்கு எங்க போச்சு?

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தன் லேப்டாப்பில் தேடினால் எல்லா வரிகளும் வரும். அதே குவெரியை வாடிக்கையாளரின் சர்வரில் ஓட்டினால் பாதி வராது. “நேத்து வந்துச்சே சார்!”

காரணம் எளிது. எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்ற விதித் தொகுப்புக்கு ‘கொலேஷன்’ என்று பெயர். மைஎஸ்க்யூஎல் 8 இயல்பாகவே பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத கொலேஷனோடு வருகிறது. போஸ்ட்கிரஸும் ஆரக்கிளும் இயல்பாகவே வித்தியாசம் பார்க்கும். முதலாவதில் பழகியவர் ‘அப்பர்’ போடாமலே எழுதிப் பழகியிருப்பார். இரண்டாவதற்கு மாறும்போது வரிகள் ‘காணாமல் போகும்’. பதிவுகள் எங்கும் போகவில்லை, ஒப்பிடும் விதிதான் மாறிவிட்டது.

அடுத்தது வேகம். ஒரு விடுதியின் சாவிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சாவிகள் அறை எண் வரிசைப்படி தொங்குகின்றன. ‘204 எடு’ என்றால் கை நேராக அந்த இடத்துக்குப் போகும். ‘இலக்கங்களைக் கூட்டினால் 6 வரும் அறைகளின் சாவிகளை எடு’ என்றால்? ஒவ்வொரு சாவியையும் பார்த்து, கூட்டிப் பார்த்துதான் சொல்ல முடியும். பலகையில் இருக்கும் வரிசையால் ஒரு பயனும் இல்லை.

டேட்டாபேஸில் ‘இண்டெக்ஸ்’ என்பது அந்தச் சாவிப் பலகை. ஊர்ப் பெயரை உள்ளபடியே தேடினால் நேராகப் போய் எடுத்துவிடும். ‘அப்பர்’ போட்டுத் தேடினால் இருக்கும் அத்தனை வரிகளையும் ஒவ்வொன்றாக கேப்பிட்டலாக்கிப் பார்க்கும். ஆயிரம் வரிகளில் தெரியாது. ஒரு கோடி வரிகளில், வரிசையில் நிற்பவருக்குக் கால் கடுக்கும்.

மாற்று வழி இருக்கிறது. கேப்பிட்டலாக்கிய வடிவத்துக்கென்றே இரண்டாவது பலகை ஒன்றை முன்கூட்டியே அடுக்கி வைப்பது. போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் இந்த வசதி பல ஆண்டுகளாக உண்டு. மைஎஸ்க்யூஎல் 8-இலும் வந்துவிட்டது.

ஊருக்கு ஊர் மாறும் கேப்பிட்டல்

ஆங்கிலத்துக்கு 32 என்று ஒரு கணக்குப் போட்டாயிற்று. எல்லா மொழிக்கும் அது ஒத்துவராது.

துருக்கி மொழியில் ‘ஐ’ என்ற எழுத்து இரண்டு. ஒன்றுக்குத் தலையில் புள்ளி உண்டு, மற்றொன்றுக்குக் கிடையாது. புள்ளி உள்ள சின்ன எழுத்தைக் கேப்பிட்டலாக்கினால் அங்கே புள்ளியோடுதான் பெரிய எழுத்து வரும். ஆங்கில விதிப்படி மாற்றினால் புள்ளி போய்விடும், அதோடு எழுத்தே வேறாகிவிடும். ஜெர்மன் மொழியில் ‘எஸ்செட்’ என்ற எழுத்தைக் கேப்பிட்டலாக்கும்போது வழக்கமாக அது இரண்டு ‘எஸ்’ ஆகிவிடும். ஓர் எழுத்து இரண்டாகி, சொல்லின் நீளமே கூடிவிடுகிறது. அதற்கெனத் தனியாக ஒரு பெரிய எழுத்தை ஜெர்மன் எழுத்து விதிகள் ஏற்றுக்கொண்டது 2017-இல்தான்.

தென்காசிப் பக்கம் உட்கார்ந்து எழுதும் ஒரு குவெரி நாளை இஸ்தான்புல்லில் ஒரு கடைக்காரரின் வாடிக்கையாளர் பட்டியலில் ஓடலாம். நம் ஊரில் சரியாக ஓடியது என்பது அங்கே போதாது.

தமிழுக்கு என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ‘தென்காசி’ என்று தமிழில் சேமித்துவிட்டு ‘அப்பர்’ போட்டால் ‘தென்காசி’ என்றே திரும்பி வரும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யுனிகோட், தமிழ் எழுத்துகளை இந்தப் பேதம் இல்லாதவை என்றே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. இந்தி, மலையாளம், அரபு, சீனம் எல்லாமே அப்படித்தான். பேதம் உள்ளவை லத்தீன், கிரேக்கம், சிரிலிக், ஆர்மீனியன் போன்ற சில எழுத்து முறைகளே.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய தரவுகளைக் கையாளுபவர்கள் கவனிக்க வேண்டியது அது. யுனிகோட் பரவும் முன், ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் தமிழ் அடித்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் அது பெருவழக்கு. அந்த முறையில் கம்ப்யூட்டருக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழ் உருவமாகத் திரையில் காட்டும். சின்ன ‘கே’ இருக்கும் இடத்தில் ‘ம’, பெரிய ‘கே’ இருக்கும் இடத்தில் ‘மு’. சின்ன ‘யு’ என்றால் ‘ர’, பெரிய ‘யு’ என்றால் ‘ரு’.

இப்போது ‘மரம்’ என்று அடித்துச் சேமித்த சொல்லுக்கு ‘அப்பர்’ போட்டால் என்ன வரும்? ‘முருமு’ என்று வந்து, கடைசியில் ஒட்டாத புள்ளி ஒன்று தொங்கும். பழைய அலுவலகக் கோப்பையோ சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையோ யுனிகோடுக்கு மாற்றாமல் நேரே டேட்டாபேஸில் ஏற்றி, ‘சுத்தம் செய்கிறேன்’ என்று ‘அப்பர்’ ஓட்டினால் பட்டியல் முழுக்க இந்தக் கதிதான். குவெரியில் மட்டும் போட்டால் தப்பிக்கலாம். மாற்றியதை அப்படியே சேமித்துவிட்டால் பேக்கப் தேட வேண்டியதுதான்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் முறைகளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பல முறைகளில் சின்ன ‘எல்’ என்றால் ‘ல’, பெரிய ‘எல்’ என்றால் ‘ள’. அங்கே ‘பல்லி’யையும் ‘பள்ளி’யையும் பிரிப்பது அந்தக் கேப்பிட்டல் மட்டுமே. ‘அப்பர்’ போட்டால் பள்ளிக்கூடமும் பல்லியும் ஒன்று.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு செங்கோட்டை

தமிழில் கேப்பிட்டல் தொல்லை இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. தமிழுக்கு வேறு தொல்லை இருக்கிறது. அதற்குச் செங்கோட்டை நல்ல உதாரணம்.

‘செங்கோட்டை’ என்ற சொல்லில் ‘கோ’ இருக்கிறது. யுனிகோடில் இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’ எழுத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைப்பது ஒரு விதம். இரட்டைக் கொம்பு ஓர் எண், கால் ஓர் எண் என்று பிரித்து வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். எண்ணிப் பார்த்தால் முதலாவதில் 10 குறிகள், இரண்டாவதில் 11. இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் இடம் தேவை. ஆக ஒன்று 30 பைட், மற்றொன்று 33 பைட்.

பைட் பைட்டாக ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு ஊர்கள். ஒரு செயலியில் அடித்த செங்கோட்டையை இன்னொரு செயலியில் அடித்துத் தேடினால் ‘முடிவுகள் இல்லை’ என்று வரலாம். கண்ணால் எத்தனை முறை பார்த்தாலும் தவறு தெரியாது. சங்கரன்கோவிலுக்கும் இதே கதைதான், அதிலும் ‘கோ’ உண்டே. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் உள்ள எந்தப் பெயரும் இதில் மாட்டலாம்.

இங்கே ‘அப்பர்’ உதவாது. உதவுவது ‘நார்மலைசேஷன்’, அதாவது இரண்டு விதத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வேலை. போஸ்ட்கிரஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென ஒரு கட்டளை இருக்கிறது. மற்றவற்றில் பைத்தான், ஜாவா போன்ற மொழிகளில் ஒரே வரியில் செய்துவிட்டுப் பிறகு சேமிக்கலாம்.

அதிலும் பிடிபடாத ஒன்று உண்டு. ‘ஔவையார்’ என்று அடிப்பதற்குப் பதில் பலர் ‘ஒ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்து ‘ஒளவையார்’ என்று எழுதுகிறார்கள். தோற்றம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் பின்னது ‘ஒ’, ‘ள’ என்ற இரண்டு தனி எழுத்துகள். நார்மலைசேஷன் இதைத் தொடாது. தமிழ் தெரிந்த ஒருவர் தனியாக விதி எழுதினால்தான் சரியாகும்.

குற்றாலமா, குத்தாலமா?

எழுத்தின் அளவைச் சரிசெய்தாகிவிட்டது, உருவத்தையும் சரிசெய்தாகிவிட்டது. அடுத்து நிற்பது எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் இந்தச் சிக்கல்தான் எல்லாவற்றிலும் பெரியது.

தென்காசியை அரசுப் பதிவில் ‘டி’-க்குப் பின் நேராக ‘இ’ போட்டு எழுதுவார்கள். ‘எச்’ சேர்த்து எழுதுபவர்களும் ஏராளம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி பக்கம் இருந்த ஊர். அதற்கு ‘எஸ்எச்’ போட்டுத் தொடங்கும் பழைய எழுத்துக்கூட்டல் ஒன்று, ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் ‘எஸ்இ’ என்று தொடங்கும் எழுத்துக்கூட்டல் ஒன்று. குற்றாலத்துக்கோ வெள்ளைக்காரர் காலத்தில் ‘சி’-யில் தொடங்கும் ‘கோர்ட்டாலம்’ என்ற வடிவம் வந்தது. இன்றும் அது உயிரோடு இருக்கிறது. ‘கே’-யில் தொடங்குவதில் மட்டும் நாலைந்து வகை.

பேச்சில் நம்மவர்கள் ‘குத்தாலம்’ என்பார்கள். அதைக் கேட்டபடி ஆங்கிலத்தில் அடித்தால் வந்து நிற்பது இன்னோர் ஊர். மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரிக் கரையில், குத்தாலம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அருவிக்கு வரவேண்டிய பார்சல் காவிரிக்குப் போக ‘அப்பர்’ தடையாக இருக்காது. இரண்டையும் அழகாகக் கேப்பிட்டலாக்கி, ‘ஒன்றுதான்’ என்று சொல்லிவிடும்.

எழுத்துக்கூட்டலை மொத்தமாகச் சரிசெய்ய அரசே ஒரு முறை முயன்றது. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியே வந்தது. கோயம்புத்தூர், வேலூர் போன்ற ஊர்களுக்குக் கொடுத்த புதிய எழுத்துக்கூட்டல்களைப் பார்த்து சமூக ஊடகங்களில் விவாதம் கிளம்பியது. அந்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒலியை எந்த எழுத்தில் பிடிப்பது என்பதில் ஊரே ஒத்துப்போகாதபோது, ஒரு குவெரி மட்டும் என்ன செய்யும்?

ஆள் பெயர்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. முருகன் என்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், வங்கியில் பின்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இனிஷியலுக்குப் பின் ஓரிடத்தில் புள்ளி, ஓரிடத்தில் இடைவெளி, ஓரிடத்தில் இரண்டும். லட்சுமி என்றால் ‘கேஎஸ்எச்’ போட்டு எழுதுபவர் உண்டு, ‘எக்ஸ்’ போட்டு எழுதுபவரும் உண்டு. பான் எண்ணை ஆதாரோடு இணைக்கும்போது பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் பொருந்த வேண்டும். அங்கே சிக்குபவர்களில் கேப்பிட்டலால் சிக்குபவர் அபூர்வம். இனிஷியலும் எழுத்துக்கூட்டலும்தான் காலை வாருகின்றன.

இருவகைத் தவறு

தேடலில் தவறு இரண்டு வகையாக நடக்கும். இருப்பவரை ‘இல்லை’ என்று சொல்வது ஒன்று. இரண்டு பேரை ‘ஒருவர்தான்’ என்று சொல்வது மற்றொன்று.

‘அப்பர்’ போன்ற கருவிகள் முதல் தவறைக் குறைக்கின்றன. வித்தியாசங்களை அழிக்க அழிக்க, இரண்டாவது தவறுக்கான வாய்ப்பு கூடுகிறது. கேப்பிட்டல், புள்ளி, இடைவெளி, இனிஷியல் என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், கடைசியில் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் எல்லா முருகன்களும் ஒரே முருகனாகிவிடுவார்கள். முதல் வகைத் தவறில் ஒருவருடைய உதவித்தொகை நின்றுபோகும். இரண்டாவதில் ஒருவருடைய மருந்து இன்னொருவர் கணக்கில் ஏறும். இரண்டிலும் அடிபடுவது கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவர்தான்.

ஆகவே ‘எந்த வித்தியாசத்தை அழிக்கிறோம், அது உண்மையிலேயே பொருளற்ற வித்தியாசம்தானா?’ என்பதுதான் குவெரி எழுதும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்துக்குப் பொருள் இல்லை. அதை அழிக்கலாம். பாஸ்வேர்டில் அதற்குப் பொருள் உண்டு. அங்கே ‘அப்பர்’ போட்டால் பூட்டின் வலிமையையே குறைக்கிறீர்கள்.

அப்போ என்னதான் செய்வது?

அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் சில வழிகள் இவை.

மூலத்தைத் தொடாதீர்கள். ஒருவர் தன் பெயரை எப்படிக் கொடுத்தாரோ அப்படியே ஒரு கட்டத்தில் இருக்கட்டும். தேடுவதற்காக மட்டும், மாற்றிய வடிவத்தைத் தனியாக இன்னொரு கட்டத்தில் வையுங்கள். கேப்பிட்டலாக்கியதைத் திரும்ப முதல் எழுத்து மட்டும் பெரிதாக்க ‘இனிட்கேப்’ என்ற கட்டளை ஆரக்கிளிலும் போஸ்ட்கிரஸிலும் உண்டு. ஆனால் அது ஊகம்தான். இனிஷியல் இரண்டு சேர்ந்து வந்தால் இரண்டாவதைச் சின்ன எழுத்தாக்கிவிடும்.

வாங்கும்போதே சுத்தம் செய்யுங்கள். முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளியை வெட்டுவது, தமிழாக இருந்தால் நார்மலைஸ் செய்வது, இரண்டையும் சேமிக்கும் முன்பே முடித்துவிட்டால் தேடும்போது தலைவலி இல்லை.

எந்த கொலேஷனில் வேலை செய்கிறோம் என்று முதல் நாளே பாருங்கள். சில இடங்களில் ‘அப்பர்’ தேவையே இருக்காது. தேவையில்லாத இடத்தில் போட்டால் சாவிப் பலகையைத் தூக்கி எறிந்த மாதிரி.

தமிழ்ப் பெயரைத் தமிழிலும் வாங்குங்கள். குற்றாலமும் குத்தாலமும் ஆங்கிலத்தில் முட்டிக்கொள்ளும். தமிழில் ஒரு ‘ற்ற’-வும் ஒரு ‘த்த’-வும் அவற்றைத் தெளிவாகப் பிரித்து நிறுத்தும். எழுத்துப் பிழை நேரலாம், ஆனால் எழுத்துக்கூட்டல் குழப்பம் பெருமளவு குறையும்.

முடிந்தவரை ஊரைப் பெயரால் அடையாளப்படுத்தாதீர்கள், எண்ணால் அடையாளப்படுத்துங்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் மாவட்டம் தொடங்கி கிராமம் வரை ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22-இல் தென்காசி மாவட்டம் பிறந்தபோது, ‘மாவட்டம்: திருநெல்வேலி’ என்றிருந்த லட்சக்கணக்கான பழைய பதிவுகள் ஒரே நாளில் பழசாகிப்போயின. எண்ணால் கட்டிய பட்டியலில் அதை ஓரிடத்தில் மாற்றினால் போதும். பெயரால் கட்டிய பட்டியலில் ஒவ்வொரு வரியாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்த யோசனை கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. ஒரே மாதிரி ஊர்ப் பெயர்கள், பல மொழிகள், தப்பும் தவறுமான முகவரிகள். இந்தியத் தபால்துறைக்கு இந்தத் தலைவலி எப்போதோ வந்துவிட்டது. அதற்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. குற்றாலத்துக்கு 627802. மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்கு 609801. கேப்பிட்டலில் எழுதினாலும், சின்ன எழுத்தில் எழுதினாலும், தமிழில் எழுதினாலும், பிழையாகவே எழுதினாலும், அந்த ஆறு இலக்கம் சரியாக இருந்தால் கடிதம் அருவிக் கரைக்கே வந்து சேரும்.